சுருளி ஏறாத கப்பல்

ஒரு காட்டில், மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே சிக்கிக்கொண்ட ஒரு சின்னக் காட்டில், எல்லா மிருகங்களும் ஒழுங்காக வரிசையில் நின்று தண்ணீர் குடித்துவந்தன. இதைக் கேட்டதும் அவை பண்பான மிருகங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் ஒரே கதைக்குப் பைத்தியமாக இருந்தன, அவ்வளவுதான்.

கதையின் பெயர் 'நீலக்கூடு'. காடு தீப்பற்றி எரிகிறது. மிருகங்கள் நீலக்கூடு என்ற இரும்புக் கப்பலில் ஏறி விண்வெளிக்குப் போகின்றன. கோள் கோளாக அலைந்து, பச்சை ரத்தம் ஓடும் பிராணிகளோடு சண்டை போட்டு, குடியிருக்க வேறு காடு தேடுகின்றன. இதை முதன்முதலில் சொன்னவர் ஏகாம்பரம் என்ற தேவாங்கு. ஒரு கை அகல உடம்பு, அதில் பாதி கண். பொழுதெல்லாம் கிளையைப் பிடித்துக்கொண்டு வானத்தையே முறைத்துக்கொண்டிருக்கும் பிராணி வேறு என்ன கதை சொல்லும்?

கதை பிரபலமானதும் புலி அதன் உரிமையை வாங்கிக்கொண்டது. பதிலுக்கு, இனி ஏகாம்பரத்தைச் சாப்பிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தது. கற்பனைத் தொழிலில் இதைவிட நல்ல ஒப்பந்தம் யாருக்கும் கிடைத்ததில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். புலியின் ஆட்கள் கதையைப் படமாக எடுத்து, இரண்டு தேக்குமரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, பாகம் பாகமாகக் காட்டினார்கள்.

முதல் பாகத்தில் கப்பலின் கதவு திறக்கும் காட்சி ஒன்று உண்டு. முதலில் தலைவர் புலி ஏறும். பிறகு யானை, காட்டெருமை, மான், குரங்கு, புனுகுப்பூனை, கடைசியாக முள்ளம்பன்றி. கதவு மூடிக்கொள்ளும். காடே இதை மனப்பாடமாகச் சொல்லும். ஒரு கோடையில் குளம் வற்றி அடிதடி ஆனபோது, "கப்பல்ல ஏறுன வரிசையிலயே குடிச்சிட்டுப் போவோமே" என்று யாரோ சொல்லிவைக்க, சண்டை நின்றது. அன்றிலிருந்து அதுவே சட்டம். கப்பலில் ஏறாத இனங்கள் கடைசியில் மிஞ்சும் சேற்றை நக்கிக்கொள்ளலாம். இத்தனை காலமாக எல்லா நீதிக்கதையிலும் தலைகாட்டிய நரிக்கு இதில் இடமே இல்லாமல் போய்விட்டது. எல்லோரும் அதற்காக மனமார வருத்தப்பட்டுவிட்டு, முறைப்படி தண்ணீர் குடித்தார்கள்.

அந்த வரிசையில் முள்ளம்பன்றிக்குப் பின்னால் வாலில் குட்டியைச் சுமந்துகொண்டு நின்றவள்தான் பூரணி. பூரணி ஓர் அழுங்கு. அழுங்கு என்றால் தெரியாதவர்களுக்கு: உடம்பெல்லாம் செதில், நீள நாக்கு, எறும்பு தின்னும், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். வரிசையில் அவளுக்கு இடம் கிடைத்தது ஒரு மழையால்.

இரண்டாம் பாகம் முடியும்போது விண்கல் மோதி நீலக்கூட்டின் அடியில் ஓட்டை விழும், காற்று ஓசையோடு வெளியேறும், திரை இருண்டுவிடும். மூன்றாம் பாகம் தொடங்கும்போது கப்பல் ஒன்றுமே நடக்காதது போலப் பறந்துகொண்டிருக்கும். நடுவில் என்ன ஆயிற்று என்பதை ஏகாம்பரம் ஓர் அடைமழைக்காலத்தில் பாறை இடுக்கில் உட்கார்ந்து வாய்மொழியாகச் சொன்னார். மழைக்குப் பயந்து யாரும் வரவில்லை. அழுங்குக் குடும்பங்கள் மட்டும் வந்திருந்தன. கப்பலில் எல்லோரும் மூச்சு முட்டி மயங்கி விழுந்துவிட, எல்லோருக்கும் முன்பே உள்ளே வந்து கப்பலின் அடித்தளத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருந்த சுருளி என்ற அழுங்கு, தன்னையே பந்தாகச் சுருட்டி ஓட்டைக்குள் அடைத்துக்கொண்டு கப்பலைக் காப்பாற்றியது என்பதுதான் அந்தக் கதை.

பூரணிக்கு அன்றைக்கு அழுகை நிற்கவே இல்லை. அவர்கள் இனம் தலைமுறை தலைமுறையாகக் குளத்துக் கரையில் நண்டு வளை போடும் இடமெல்லாம் புற்றுமண்ணைக் குழைத்து அடைத்துவருகிறது. அந்த மண் இறுகும்வரை ஓட்டைக்குள் சுருண்டு படுத்துக்கொள்வார்கள். அதை யாரும் ஒருநாளும் கவனித்ததில்லை. இவர் ஒருத்தர் கவனித்துவிட்டாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அடுத்துப் பிறந்த குட்டிக்குச் சுருளி என்றே பெயர் வைத்தாள். சுருளியின் பேரால் வரிசையின் கடைசியில் ஓர் இடம் கேட்டபோது, சரி, கடைசிதானே என்று காடும் விட்டுவிட்டது.

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தீவிர ரசிகருக்கு வாயை மூடத் தெரியுமா?

வருஷாவருஷம் நீலக்கூடு ரசிகர் விழா நடக்கும். பச்சை ரத்தப் பிராணிகளைப் போல உடம்பெல்லாம் பாசி பூசிக்கொண்டு குரங்குகள் வரும். கடைசியில் வினாடி வினா. இந்த வருஷம் புலியே வந்து முன்வரிசையில் படுத்திருந்தது. முள்ளம்பன்றி கஜேந்திரன் கேள்வி கேட்டான். கப்பலின் பின்பக்கத்தில் எத்தனை ஆணி என்பதுவரை தெரிந்த ஆள். பூரணியின் பல வருஷத்துத் தோழன்.

"கடைசிக் கேள்வி. ரொம்ப லேசு. நீலக்கூட்டுல முதல்ல ஏறுனது யாரு?"

"தலைவர்!" என்று காடே கத்தியது.

"தப்பு!" என்று எழுந்தாள் பூரணி. சந்தோஷத்தில் அவள் செதில்கள் படபடத்தன. "சுருளி! மழைக்கதைய நெனச்சுப் பாருங்க. தலைவர் ஏறுறப்பவே அவரு உள்ளதான இருக்காரு?"

"அடடே! ஆமால்ல!" என்று கஜேந்திரன் துள்ளிக் குதித்தான். "பரிசு பூரணிக்கு!"

அவன் ஒருவன்தான் கைதட்டினான். யானை தன் கால்நகத்தை ஆராய்ந்தது. முன்வரிசையில் படுத்திருந்த புலி மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் இருந்த புனுகுப்பூனை சம்பந்தத்தைப் பார்த்தது. சம்பந்தம் புலியின் செயலாளர். புலி என்ன நினைக்கிறது என்பதைப் புலிக்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் அவர் உத்தியோகம்.

ரெண்டே நாளில் 'மெய்க்கதை நிர்ணயக் குழு' அமைந்துவிட்டது. நீலக்கூட்டில் எந்தப் பகுதி மெய், எந்தப் பகுதி பொய் என்று தீர்மானிப்பது அதன் வேலை. யானை இரும்புக் கப்பலில் வானத்தில் பறந்ததை யாரும் சந்தேகப்படவில்லை. காட்டெருமை நெப்டியூனில் நீச்சலடித்ததும் மெய்தான். அழுங்கு கப்பலில் ஏறியதா என்பதில் மட்டும் குழுவுக்குத் தாங்க முடியாத அறிவியல் ஐயம் வந்துவிட்டது. சம்பந்தம் தலைவர். நடுநிலைக்காகக் கஜேந்திரனையும் உறுப்பினராகப் போட்டார்கள். அவனும் உச்சிகுளிர்ந்து ஒத்துக்கொண்டான்.

கோடை ஏறிக்கொண்டிருந்தது. குளத்தில் கால்பங்குத் தண்ணீர்தான். கடைசி இடம் போனால் மிஞ்சுவது சேறு. சேற்றை நக்கி ஒரு குட்டி எத்தனை நாள் தாங்கும்? பூரணி குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு, பயத்தோடு, ஆனால் நியாயம் தன் பக்கம் என்ற தைரியத்தோடு விசாரணைக்குப் போனாள். நியாயம் தன் பக்கம் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்களை எல்லாக் காட்டிலும் பார்க்கலாம்.

குளக்கரைப் பாறைமேல் குழு உட்கார்ந்திருந்தது. புலி பக்கத்தில் தூங்குவது போலப் படுத்திருந்தது.

சம்பந்தம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முதல் பாகத்துல சுருளி ஏறுற காட்சி இல்ல. ஒத்துக்கிறியாம்மா?"

"இல்லைங்க. அவருதான் ஏற்கெனவே உள்ள இருந்தாரே."

"உள்ள இருக்குற மாதிரி எங்கயாவது காட்டுறாங்களா?"

"ஓட்டை தேடுறவங்கள யாருங்க காட்டுவாங்க?"

கூட்டத்தில் எங்கேயோ ஒரு முயல் சிரித்தது. சம்பந்தம் அந்தப் பக்கம் பார்த்ததும் அது இருமலாக மாறியது.

"சரிங்க, நான் ஒண்ணு கேக்குறேன்" என்றாள் பூரணி. "ரெண்டாம் பாகத்துக் கடைசில ஓட்டை விழுந்து காத்தெல்லாம் போயிடுது. மூணாம் பாகத்துல எல்லாரும் வட்டமா உக்காந்து சாப்பிடுறீங்க. நடுவுல யாரு அடைச்சது? சுருளி இல்லேன்னா அடைச்சவங்களே இல்ல. அப்ப கப்பல்ல இருந்தவங்க அத்தனை பேரும் ரெண்டாம் பாகத்துலயே செத்துட்டாங்க. தலைவரும்தான்."

கஜேந்திரன் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, "அட, இது சரியான பாயிண்ட்டு!" என்றான். பிறகு சம்பந்தத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, முள்ளை ஒவ்வொன்றாகப் படியவைத்துக்கொண்டான். புலி ஒரு கண்ணைத் திறந்தது.

"படைச்சவரையே கேட்டுருவோம்" என்றார் சம்பந்தம்.

பூரணிக்கு உயிர் வந்தது. ஏகாம்பரம் முந்தின நாளே புறப்பட்டு, கிளை கிளையாக ஊர்ந்து, அப்போதுதான் பாறைக்கு மேலிருந்த கொம்பை எட்டியிருந்தார். தனக்காக இந்த மனுஷர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

"ஐயா, சுருளி உங்க கதைல உண்டா?"

"உண்டு" என்றார் ஏகாம்பரம். "என் வாயாலதான் சொன்னேன்."

"முதல் பாகம் சொல்றப்பவே சுருளிய மனசுல வச்சிருந்தீங்களா?"

தேவாங்கு ரொம்ப நேரம் யோசித்தது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. இரும்புக் கப்பல், பச்சை ரத்தம் எல்லாம் சொல்லும். பொய் மட்டும் சொல்லாது. "அது வந்து... இல்ல. அன்னைக்கு நல்ல மழை. ஒருத்தரும் வரல. இந்த அழுங்குங்க மட்டும் நனைஞ்சுக்கிட்டு வந்து உக்காந்துச்சுங்க. பாவமா இருந்துச்சு. இவங்களுக்கும் ஒரு ஆளு இருந்தா நல்லாருக்குமேன்னு சேத்துவிட்டேன்."

பூரணிக்கு எங்கோ ஓர் ஓட்டை விழுந்தது போல இருந்தது. யாரோ கவனித்துவிட்டார் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள். கவனித்ததில்லையாம். பாவமாம். புலியின்மேல் வராத கோபம் அவளுக்கு அந்தத் தேவாங்கின்மேல் வந்தது.

"ஆனாலும் நான் சொன்னா அது கதைதானே?" என்று ஏகாம்பரம் தொடர்ந்தார். "நான்தானே சொல்றவன்?"

"உங்க மேல குழுவுக்கு அளவில்லாத மரியாதைங்க" என்று கைகூப்பினார் சம்பந்தம். "ஆனா உரிமை தலைவர்கிட்ட இருக்கு. அதனால நீங்க சொல்றத ஒரு ரசிகரோட கருத்தா பதிவு பண்ணிக்கிறோம்."

தீர்ப்பை அவரே எழுந்து நின்று வாசித்தார். "கப்பலில் ஓட்டை விழுந்தது மெய். ஓட்டை அடைபட்டதும் மெய். அடைத்தவர் மெய்யல்ல."

கூட்டம் கொஞ்சம் குழம்பியது. பிறகு, இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை என்று கைதட்டியது. கஜேந்திரன் தன் காலைப் பார்த்துக்கொண்டே தட்டினான்.

"குட்டியோட பேரையும் மாத்திக்கலாம்மா" என்றார் சம்பந்தம், கனிவாக. "கட்டாயம் ஒண்ணும் இல்ல."

அன்றிலிருந்து பூரணி வரிசைக்கு வெளியே நின்றாள். மற்றவர்கள் குடித்து முடித்ததும், நரிக்கும் முயலுக்கும் நடுவே முண்டியடித்து, குட்டியின் வாயைச் சேற்றில் வைத்தாள். குட்டி கொஞ்சம் நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாரத்தில் அது வாலைப் பிடிக்கும் பிடி தளர்ந்துவிட்டது.

அந்த நிலையில் ஒருநாள் சம்பந்தம் அவள் வளை வாசலுக்கு வந்தார். "குளத்துக் கரைல நண்டு வளை போட்டிருக்கு. தண்ணி கசியுது. வழக்கம்போல வந்து அடைச்சிட்டுப் போயிடும்மா."

பூரணி அவரையே பார்த்தாள். "நாங்கதான் கதையிலயே இல்லையேங்க."

"நீ இல்ல. ஆனா அடைக்கிற வேலை இருக்குல்ல? தீர்ப்ப நல்லா படிச்சுப் பாரு. வேலைய யாரும் மறுக்கலயே."

பூரணி மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனாள். நல்ல பிள்ளை என்று சம்பந்தம் நினைத்துக்கொண்டார். கரையின் வெளிப்பக்கம் இறங்கி, ஓட்டையை மோந்து பார்த்தாள். விரல் பருமனுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புற்றுமண்ணைத் தேடவில்லை. முன்னங்காலை ஓட்டைக்குள் விட்டாள். அந்த நகம் கருங்கல் மாதிரி இறுகிய கரையான் புற்றையே பிளக்கும் நகம். நகம் வழுக்கிவிட்டது என்றுதான் அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

காலையில் குளம் காலி. தண்ணீரெல்லாம் கரைக்குக் கீழே இருந்த பாறைப்பள்ளத்தில் போய்த் தேங்கியிருந்தது. பள்ளத்தைச் சுற்றிக் காட்டிலுள்ள அழுங்குகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டிப் பந்து பந்தாகச் சுருண்டு கிடந்தன. ஒரே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அதில் பூரணி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் குட்டி கழுத்தளவு தண்ணீரில் கிடந்து குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

மேலே குளத்தில் வரிசை கலையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'குளம் நிறைந்திருப்பதே மெய். வற்றியிருப்பது உறுதிசெய்யப்படாத தகவல்' என்று குழு அறிவித்திருந்தது. புலி முதலில் போய் ஈரமண்ணை நக்கியது. பிறகு யானை நக்கியது. முறை தவறாமல் எல்லோரும் நக்கினார்கள். வெயில் ஏறியதும் ஒவ்வொருவராக, காற்று வாங்கப் போவது போலக் கீழ்ப்பக்கம் இறங்கினார்கள்.

புலிதான் முதலில் வந்தது. ஓர் அழுங்குப் பந்தைக் கடித்துப் பார்த்தது. பல் வலித்தது. கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மரியாதையாகக் கேட்டது. "இங்க என்ன முறை?"

"இங்க மழைக்கதை மட்டும்தான் மெய்" என்றாள் பூரணி. "மத்த பாகமெல்லாம் வெறும் படம்."

"அதுல நான் வர்றேனா?"

"வர்றீங்க. மூச்சு முட்டி மயங்கி விழுந்துடுறீங்க."

"மயங்கி விழுந்தவனுக்குத் தண்ணி தெளிக்கணும்ல?" என்றது புலி. தன் கதையை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்திராத புலி, தாகம் வந்ததும் இவ்வளவு நுட்பமான விமரிசகராக மாறியது அழுங்குகளுக்கே ஆச்சரியம்.

"அழுங்குங்க குடிச்சப்புறம் தெளிக்கிறோம். நில்லுங்க."

புலி நின்றது. பின்னாலேயே சம்பந்தம் ஓடிவந்தார். "நான் மொதல்லேருந்தே சொல்லிக்கிட்டு இருக்கேன், மழைக்கதைதான் உசத்தின்னு. மத்ததெல்லாம் வியாபாரம்மா." பூரணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். துரத்திவிடத்தான் நினைத்தாள். ஆனால் வரிசையை நிர்வகிக்க அனுபவஸ்தர் ஒருவர் வேண்டாமா? கீழ்ப்பள்ளத்து மெய்க்கதைக் குழுவுக்கு அவரே தலைவரானார். புதிய குழு கூடி, மழைக்கதையில் யார் யார் எந்த வரிசையில் மயங்கி விழுந்தார்கள் என்று நிர்ணயித்தது. கஜேந்திரன் நாலாவதாக விழுந்ததற்கு ஆதாரம் கொடுத்தான். அவனைப் பார்க்கப் பூரணிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் நாலாவது இடம் கொடுத்தாள். நரியும் முயலும் வழக்கம்போல மிச்சத்துக்கு நின்றன. மழைக்கதையிலும் அவை இல்லையே, என்ன செய்ய முடியும் என்று பூரணி மனமார வருத்தப்பட்டாள்.

எல்லோரும் வந்துசேர்ந்தபின், பொழுது சாயும் நேரத்தில், கிளை கிளையாக ஊர்ந்து ஏகாம்பரம் வந்தார். உதடு வெடித்திருந்தது. கண்கள் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

"கொஞ்சம் தண்ணி குடும்மா பூரணி."

பூரணிக்கு மனசு இளகத்தான் செய்தது. அவள் நகர்ந்து வழிவிடப் போனாள். உடனே அந்த ஒற்றைச் சொல் ஞாபகம் வந்தது. பாவமா இருந்துச்சு.

"மழைக்கதைல நீங்க யாருங்க ஐயா?"

"நானா?" ஏகாம்பரம் விழித்தார். "நான் சொன்னவன்மா."

"சொன்னீங்க. கப்பல்ல ஏறுனீங்களா?"

"ஏறல."

"மயங்கியாவது விழுந்தீங்களா?"

"கதைல நான் இல்லவே இல்லையேம்மா." அவர் கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா இப்பச் சேத்துச் சொல்லட்டுமா? அடித்தளத்துல சுருளிக்குப் பக்கத்துல ஒரு தேவாங்கும் இருந்துச்சு, வெளக்கு பிடிச்சுக்கிட்டு..."

நல்ல இடம் அது. பூரணிக்கே பிடித்திருந்தது. அவள் சம்பந்தத்தைத் திரும்பிப் பார்த்தாள். சம்பந்தம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"பிற்பாடு சேக்குறதெல்லாம் மெய்க்கதை ஆகாதுங்க ஐயா" என்றாள் பூரணி. "ஒருத்தருக்குச் சேத்தா எல்லாரும் கேப்பாங்க. அப்படிப் போய்க் கடைசில நில்லுங்க. நீங்க நிக்கிறதப் பாக்க எனக்கும் பாவமாத்தான் இருக்கு."

ஏகாம்பரம் திரும்பி, நரிக்கும் பின்னால் போய் நிற்கப் புறப்பட்டார். அவர் வேகத்துக்கு அங்கே போய்ச் சேரவே வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் பள்ளத்தில் சேறு தெரிய ஆரம்பித்திருந்தது.

நீதி: எது மெய்க்கதை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், தண்ணீர்ப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால் போதும். கதை சொல்கிறவர்கள் மட்டும், முதல் பாகத்திலேயே தாங்களும் கப்பலில் ஏறிக்கொள்ளவும்.